பிரான்ஸுடன் இந்தியா மோதிய நாளில் நம்ம புதுச்சேரி யார் பக்கம்? இந்தியக் கால்பந்து அணியின் பழைய கணக்கு

உப்பளம் கீப்பர் | அக்டோபர் 2025, இரவு 9:12

கோவாவில் சிங்கப்பூரிடம் 2-1 தோற்று 2027 ஆசியக் கோப்பைக்கான கதவும் மூடிவிட்டது. நம்ம சாங்டே 14-வது நிமிடத்திலேயே கோல் போட்டும் கோட்டைவிட்டோம். அன்றிலிருந்து எங்கள் வாட்ஸ்அப் குழுவில் ஒரே பாட்டு: 1962 ஆசிய விளையாட்டில் தங்கம், 1956 ஒலிம்பிக்கில் நான்காம் இடம், 1950-ல் வெறுங்கால் என்பதால் உலகக் கோப்பைக்கு விடவில்லை.

உப்பளத்தில் சாயங்காலம் ஆட வரும் பையன்களில் பாதிப் பேர் பிரான்ஸ் வீரர் எம்பாப்பே பெயர் போட்ட சட்டைதான் போடுகிறார்கள். அதில் ஒருத்தன் நேற்று கேட்டான்: "நம்ம ஆளுங்க என்னைக்காவது நல்லா ஆடியிருக்காங்களா அண்ணே?" சட்டென்று ஒரு பதிலும் வரவில்லை.

அதனால் இங்கே கேட்கிறேன். அம்பதுகளின் அணி நிஜமாகவே பெரிய அணியா, இல்லை நாமே ஊதிப் பெருசாக்கியதா? அப்புறம் இன்னொன்று. ஒலிம்பிக்கில் இந்தியா பிரான்ஸுடன் இரண்டு முறை ஆடியிருக்கிறது. அப்போது புதுச்சேரி யார் பக்கம்?

லாஸ்பேட்டை லெஃப்ட் பேக் | 9:20

நல்லா ஆடியிருக்கு ப்ரோ. எதிரணி வராத நாளில்.

வில்லியனூர் வாத்தியார் | 10:05

லெஃப்ட் பேக் தம்பி ஆரம்பித்துவிட்டார். அவருக்கு அப்புறம் வருகிறேன். இரண்டாவது கேள்விதான் நம்ம ஊர்க் கேள்வி, அதை முதலில் முடித்துவிடலாம்.

1948 ஜூலை 31, லண்டன் ஒலிம்பிக். இல்ஃபோர்டில் ஒரு சின்ன மைதானம். சுதந்திரம் வாங்கி முழுசாக ஒரு வருஷம் ஆகவில்லை. கேப்டன் நாகா மலையிலிருந்து வந்த டாலிமெரன் ஆவ், டாக்டருக்குப் படித்தவர். பெரும்பாலோர் வெறுங்காலில் இறங்கினார்கள், சிலர் காலில் துணி சுற்றிக்கொண்டு. முதலில் பிரான்ஸ் கோல் அடித்தது. 70-வது நிமிடத்தில் சாரங்கபாணி ராமன் சமன் செய்தார். சுதந்திர இந்தியாவின் முதல் சர்வதேச கோல் அதுதான். ஆட்டத்தில் நமக்கு இரண்டு பெனால்டி கிடைத்தது. ஒன்றை சைலேன் மன்னா விட்டார், இன்னொன்றை மகாவீர் பிரசாத் விட்டார். 89-வது நிமிடத்தில் பெர்சிலோன் அடிக்க, 2-1 என்று பிரான்ஸ் தப்பித்தது. தப்பித்தது என்றுதான் சொல்ல வேண்டும்.

அன்றைக்கு இங்கே பறந்தது பிரெஞ்சுக் கொடி. ஆக, எல்லையில் இருக்கும் முள்ளோடைக்குத் தெற்கே இருந்த கடலூர்க்காரர் தோற்றார், வடக்கே இருந்த நம்ம ஆள் சட்டப்படி ஜெயித்தார். மனசுப்படி என்ன என்பது வேறு கதை.

அடுத்தது 1960 ஆகஸ்ட், ரோம் ஒலிம்பிக். அதற்குள் கீழூர் வாக்கெடுப்பு நடந்து (178 பேரில் 170 பேர் இணைப்புக்கு ஆதரவு) 1954 நவம்பர் 1 அன்று நிர்வாகம் இந்தியா கைக்கு வந்துவிட்டது. ஆனால் பிரெஞ்சு நாடாளுமன்றம் ஒப்பந்தத்துக்கு ஒப்புதல் கொடுத்து, சட்டப்படி ஊர் கைமாறியது 1962 ஆகஸ்ட் 16 அன்றுதான். அதாவது கிரோசெட்டோ ஊரில் இந்தியாவும் பிரான்ஸும் மோதிய நாளில் நாம் நிர்வாகத்தில் இந்தியா, பத்திரத்தில் பிரான்ஸ். ஆட்டம் 1-1 டிரா! 71-வது நிமிடத்தில் பி.கே. பானர்ஜி அடித்தார், 82-ல் பிரான்ஸ் திருப்பியது.

சட்டப்படி இந்தியாவானதற்கு மூன்று வாரம்கூட ஆகவில்லை, செப்டம்பர் 4 அன்று ஜகார்த்தாவில் இந்தியா ஆசிய விளையாட்டுத் தங்கம் வாங்கியது. நாம் சேர்ந்த நேரம் என்று நான் சொன்னால் லெஃப்ட் பேக் சும்மா விடமாட்டார்.

சொல்தா பேரன் | 10:31

எங்கள் வீட்டுப் பக்கத்தையும் சொல்கிறேன். தாத்தா பிரெஞ்சு ராணுவத்தில் இருந்தவர். 1960-ல் அவர் அல்ஜீரியாவில். கடைசிவரை பிரெஞ்சு ஓய்வூதியம் வாங்கினார். கிரோசெட்டோவில் இப்படி ஓர் ஆட்டம் நடந்ததே அவருக்குத் தெரியாது. அவர் வாயில் வரும் பெயர்கள் கோப்பா, ஃபோன்டெய்ன். 1958 உலகக் கோப்பையில் ஃபோன்டெய்ன் போட்ட 13 கோலை ஒரே தொடரில் இன்றுவரை யாரும் தொட்டதில்லை.

வாத்தியார் சார் ஒன்றை விட்டுவிட்டார். நாம் மோதியது அந்தப் பிரான்ஸுடன் இல்லை. ஒலிம்பிக் கால்பந்து அப்போது அமெச்சூர்களுக்கு மட்டும். கிளப்பில் சம்பளம் வாங்கும் ஆள் வர முடியாது. நிஜப் பிரான்ஸ் அந்த 1960 ஜூலையில் பாரிஸில் முதல் ஐரோப்பியக் கோப்பை அரையிறுதியில் 4-2 என்று முன்னால் இருந்து யூகோஸ்லாவியாவிடம் 5-4 தோற்றுக்கொண்டிருந்தது. ரோமுக்கு வந்தது வேறு பையன்கள். "பிரான்ஸை டிரா செய்தோம்" என்று சொல்லும்போது இதையும் சேர்த்துச் சொல்வதுதான் நியாயம்.

லாஸ்பேட்டை லெஃப்ட் பேக் | 10:34

சொன்னேனா இல்லையா.

பழைய டிக்கெட் | 11:18

சொல்தா பேரன் சொல்வது சரி. ஆனால் அதே தராசில் மறு தட்டையும் வையுங்கள். அமெச்சூர் விதி மேற்கு ஐரோப்பாவைத்தான் கட்டிப்போட்டது. கிழக்கு ஐரோப்பாவில் எல்லோரும் காகிதத்தில் ராணுவக்காரர், அரசு ஊழியர். அதனால் ஹங்கேரி, யூகோஸ்லாவியா எல்லாம் முழுப் பலத்தோடு வந்தன. 1952 ஹெல்சிங்கியில் அதை நாம் அனுபவித்தோம். யூகோஸ்லாவியா 10, இந்தியா 1. செபெக் ஒருத்தர் மட்டும் நாலு கோல். குளிரில், ஈரத்தில், வெறுங்காலோடு. அதற்கு அப்புறம்தான் பூட்ஸ் கட்டாயம் என்று நம்ம சம்மேளனம் விதி போட்டது.

இப்போது எட்டு வருஷம் தள்ளி வாருங்கள். ரோம் ஒலிம்பிக்கில் முதல் ஆட்டம் லாகுவிலா ஊரில், ஹங்கேரியோடு. அந்த அணியில் ஃப்ளோரியன் ஆல்பர்ட் இருந்தார், பின்னாளில் 1967-ல் ஐரோப்பாவின் சிறந்த வீரர் விருது வாங்கியவர். இந்தியா தோற்றது 2-1. நமக்குக் கோல் அடித்தவர் துளசிதாஸ் பலராம், செகந்திராபாத்தில் தமிழ்க் குடும்பத்தில் பிறந்தவர். அந்த ஹங்கேரி வெண்கலம் வாங்கிக்கொண்டு போனது.

என்னைக் கேட்டால், இந்திய அணியின் தரத்துக்குச் சான்று 1962 தங்கமோ, பிரான்ஸ் டிராவோ இல்லை. லாகுவிலாவில் தோற்ற அந்த ஆட்டம்தான். எதிரே நின்றவன் யார் என்று பார்த்துத்தான் மதிப்பு. 10-1 வாங்கிய அணி எட்டு வருஷத்தில் ஹங்கேரியை 2-1 வரை இழுத்திருக்கிறது. நடுவில் 1956 மெல்போர்ன் வேறு. ஆஸ்திரேலியாவை அவர்கள் மண்ணிலேயே 4-2, நெவில் டிசோசா மூன்று கோல், ஒலிம்பிக்கில் ஆசியர் ஒருவர் போட்ட முதல் ஹாட்ரிக். அரையிறுதியில் அதே யூகோஸ்லாவியாவுக்கு எதிராக முதல் கோல் போட்டதும் நாம்தான். அப்புறம் 4-1 தோற்றோம், அது கிடக்கட்டும்.

குருசுக்குப்பம் 10 | 11:40

மெல்போர்னில் முதல் சுற்றில் யாரை ஜெயித்தோம் அண்ணே?

பழைய டிக்கெட் | 11:46

யாரையும் இல்லை. ஹங்கேரி விலகியது, நேராகக் காலிறுதி. தெரிந்துகொண்டுதானே கேட்கிறீர்கள் தம்பி?

குருசுக்குப்பம் 10 | 11:47

:) அந்த வெறுங்கால் கதையையும் ஒரு வழி பண்ணிவிடுங்கள். என் சித்தப்பா சத்தியம் பண்ணுகிறார்.

வில்லியனூர் வாத்தியார் | காலை 6:50

உங்கள் சித்தப்பா மட்டுமில்லை, ஊரே சத்தியம் பண்ணும். 1950 பிரேசில் உலகக் கோப்பை. நம்ம தகுதிச்சுற்றுப் பிரிவில் இருந்த பர்மா, இந்தோனேசியா, பிலிப்பைன்ஸ் மூன்றும் விலகிக்கொண்டன. ஒரு பந்துகூட உதைக்காமல் தகுதி. இத்தாலி, ஸ்வீடன், பராகுவே இருந்த பிரிவில் போட்டார்கள். போகவில்லை.

வெறுங்கால் தடையால் போகவில்லை என்பது பின்னால் ஒட்டிக்கொண்ட கதை. இரண்டு வருஷம் முன்னால் லண்டனில் அதே வெறுங்காலோடு ஆடியிருக்கிறார்கள், இரண்டு வருஷம் கழித்து ஹெல்சிங்கியிலும் ஆடினார்கள். இங்கே பெரிய திருவிழா என்றால் ஒலிம்பிக்தான், உலகக் கோப்பையை நம்ம நிர்வாகிகள் ஒரு பொருட்டாகவே நினைக்கவில்லை. அதோடு கப்பலில் நெடும் பயணம், பயிற்சிக்கு நேரமில்லை, அணித் தேர்வில் இழுபறி. செலவில் பெரும்பகுதியை பிரேசில் ஏற்கத் தயாராக இருந்தும் இதுதான் நடந்தது.

யாரும் சொல்லாத பாதி ஒன்று இருக்கிறது. அதே 1950-க்குப் பிரான்ஸும் போகவில்லை! தகுதிச்சுற்றில் தோற்றவர்களை, மற்ற நாடுகள் விலகியதால் வா என்று கூப்பிட்டார்கள். முதலில் சரி என்றார்கள். அட்டவணையைப் பார்த்தால் தெற்குக் கோடி போர்ட்டோ அலெக்ரியில் ஓர் ஆட்டம், வடகிழக்கில் ரெசிஃபேயில் அடுத்த ஆட்டம், நடுவில் சுமார் மூவாயிரம் கிலோமீட்டர். முடியாது என்று கையை விரித்துவிட்டார்கள். ஆக அந்த வருஷம் புதுச்சேரிக்காரர் எந்தப் பக்கம் நின்றிருந்தாலும் உலகக் கோப்பையில் அவருக்கு அணி இல்லை.

சொல்தா பேரன் | 7:15

சார், இது எனக்கே தெரியாது. இன்றைக்கு மச்சானிடம் இதை வைத்தே ஒரு டீ வாங்கிவிடுவேன்.

லாஸ்பேட்டை லெஃப்ட் பேக் | 8:02

சரி, விஷயத்துக்கு வருவோம். 1962 தங்கம். மொத்தம் எட்டு அணிகள். இஸ்ரேலுக்கும் தைவானுக்கும் இந்தோனேசியா அனுமதியே தரவில்லை. தைவான் யார்? 1954, 1958 இரண்டு ஆசிய விளையாட்டிலும் தங்கம் வாங்கியவர்கள். நடப்புச் சாம்பியனை வாசலிலேயே நிறுத்திவிட்டு நடந்த போட்டி. நடுவில் நம்ம நிலை என்ன? 1954-ல் முதல் சுற்றோடு சரி, 1958-ல் நான்காம் இடம். இதற்குப் பெயர் பொற்காலமா? எப்படித் தோற்றோம் என்று பெருமைப்படும் பழைய டிக்கெட் அண்ணன் பதில் சொல்லட்டும்.

பழைய டிக்கெட் | 1:30

சொல்கிறேன். சாப்பிட்டுவிட்டு வந்து பொறுமையாகவே.

தைவான் வரவில்லை, உண்மை. ஆனால் இறுதிப் போட்டியில் எதிரே நின்ற தென் கொரியா யார்? 1956, 1960 என்று நடந்த இரண்டு ஆசியக் கோப்பையும் அவர்களுடையதுதான். போதாக்குறைக்கு, அதே தொடரின் முதல் ஆட்டத்தில் நம்மை 2-0 என்று அடித்திருந்தார்கள்.

அதன் பிறகு நடந்ததைப் பாருங்கள். தாய்லாந்துடன் ஆடும்போது ஜர்னைல் சிங்குக்குத் தலை பிளந்தது, தையல் போட்டார்கள். அவர் தடுப்பாட்டக்காரர். கட்டுப்போட்ட தலையோடு பின்னால் நிறுத்தினால் ஆபத்து என்று பயிற்சியாளர் சையத் அப்துல் ரஹீம் அவரை முன்வரிசைக்கு அனுப்பினார். மனுஷன் அரையிறுதியிலும் கோல் போட்டார், இறுதியிலும் போட்டார். இறுதி ஆட்டத்தில் 17-வது நிமிடத்தில் பி.கே., 20-ல் ஜர்னைல். கொரியா கடைசியில் ஒன்று திருப்பியது. 2-1.

மைதானத்தில் லட்சத்தை ஒட்டிய கூட்டம், அத்தனையும் நமக்கு எதிராக. காரணம் நீங்கள் சொன்ன அதே தைவான், இஸ்ரேல் விவகாரம்தான். அவர்களை விடாதது தப்பு என்று நம்ம விளையாட்டு நிர்வாகி ஜி.டி. சோந்தி வெளிப்படையாகப் பேசியதால் ஜகார்த்தாவே கொதித்துக்கொண்டிருந்தது. சாம்பியனை விடச் சொல்லிச் சண்டை போட்டதே இந்தியாக்காரர்தான், லெஃப்ட் பேக் தம்பி. அந்தக் கூச்சலில், காய்ச்சலில் படுத்து எழுந்து வந்து கோலில் நின்றவர் பீட்டர் தங்கராஜ். நீலகிரி வெலிங்டனில் இருக்கும் மதராஸ் ரெஜிமென்டல் சென்டர் ராணுவ அணியில் ஆடி வளர்ந்தவர், 1955-லும் 1958-லும் டூரண்ட் கோப்பை வாங்கிய அணி அது. உப்பளம் கீப்பர் இந்தப் பெயரை உங்கள் பையன்களிடம் சொல்லுங்கள்.

உப்பளம் கீப்பர் | 1:52

சொல்கிறேன் அண்ணே. கீப்பருக்கு யாரும் சட்டை அடிப்பதில்லை, அதுதான் கஷ்டம்.

லாஸ்பேட்டை லெஃப்ட் பேக் | 2:10

கதை நல்லாத்தான் இருக்கு. ஆனால் ஒரே ஒரு பயிற்சியாளர் போனதும் மொத்தமும் சரிந்தது என்றால், அணி இருந்ததா, இல்லை ஆள் மட்டும்தான் இருந்தாரா? ரஹீம் புற்றுநோயோடுதான் ஜகார்த்தா போனார். 1963 ஜூனில் இறந்தார். 1970-ல் ஒரு வெண்கலம், அப்புறம் ஆசிய விளையாட்டுப் பதக்கமே இல்லை.

வில்லியனூர் வாத்தியார் | 4:25

இந்தக் கேள்விக்கு மரியாதை கொடுக்க வேண்டும். தொழிலால் ரஹீமும் ஒரு பள்ளிக்கூட வாத்தியார், அதனால் எனக்குக் கொஞ்சம் பாரபட்சம் உண்டு.

அந்த ஆள் ஹைதராபாத் போலீஸ் அணியில் செய்ததையே தேசிய அணியிலும் செய்தார். குட்டிப் பாஸ், ஓட்டம், இரண்டு காலாலும் உதைக்கும் பழக்கம், உலகத்தில் புதுசாக என்ன வருகிறது என்று பார்த்து அதன்படி ஆட்களை நிறுத்துவது. அவருக்குக் கீழே அதே மாதிரி பத்துப் பேரை யாரும் உருவாக்கவில்லை. கல்கத்தா, பம்பாய், ஹைதராபாத் என்று ஊருக்கு ஊர் லீக், நாடு முழுவதற்கும் ஒன்று கிடையாது. தேசிய லீக் என்று ஒன்று வந்ததே 1996-ல். உள்ளூரில் ஆட்டம் 70 நிமிடம், வெளியே போனால் 90. கடைசி இருபது நிமிடத்தில் கால் கனக்காமல் என்ன செய்யும்? இல்ஃபோர்டில் 89-வது நிமிடம், கிரோசெட்டோவில் 82-வது நிமிடம், இரண்டையும் இந்தக் கண்ணோடு திரும்பப் படியுங்கள்.

ஜப்பானும் கொரியாவும் அந்தச் சமயத்தில் லீக், பள்ளி, பயிற்சியாளர் பயிற்சி என்று கட்டிக்கொண்டு போனார்கள். நாம் தங்கத்தைக் கண்ணாடி அலமாரியில் வைத்துத் துடைத்துக்கொண்டிருந்தோம்.

குருசுக்குப்பம் 10 | 4:40

எனக்குத் தெரிந்த இந்தியா சுனில் சேத்ரி ஆடிய இந்தியாதான். 2019 ஆசியக் கோப்பையில் தாய்லாந்தை 4-1 அடித்த ராத்திரி எங்கள் தெருவில் பட்டாசு. பஹ்ரைனோடு டிரா செய்தாலே அடுத்த சுற்றுக்குப் போயிருப்போம். கூடுதல் நேரத்தில் பெனால்டி கொடுத்து 1-0. டீக்கடையில் அத்தனை பேரும் டிவியை முறைத்துக்கொண்டு நின்றது ஞாபகம் இருக்கிறது. கடைக்காரர் மட்டும் "கிளாஸ வச்சிட்டுப் போங்கப்பா" என்றார்.

அதற்கு அடுத்த ஆசியக் கோப்பை 2024 ஜனவரியில். மூன்று ஆட்டம், மூன்றும் தோல்வி, ஒரு கோல்கூட இல்லை. ஜூனில் உலகக் கோப்பைத் தகுதிச்சுற்றில், கோட்டைத் தாண்டி வெளியே போன பந்தை உள்ளே இழுத்துக் கத்தார் போட்ட கோல். அதைப் பற்றிப் பேசினால் எனக்கு ரத்தக்கொதிப்பு வரும், விடுங்கள்.

மஞ்சக்குப்பம் விங்கர் | இரவு 8:15

அண்ணன்மார்களே, நேற்றிலிருந்து படித்துக்கொண்டே வருகிறேன். தேசிய அணி, தேசிய அணி என்று இத்தனை பேசியிருக்கிறீர்கள், பெண்கள் அணி ஒரு வரியில்கூட வரவில்லை. கடலூரிலிருந்து எழுதுகிறேன், அதனால் கோபத்துக்கு எனக்கு உரிமை உண்டு.

1980 கோழிக்கோடு, 1983 பாங்காக். இரண்டு ஆசியப் பெண்கள் கோப்பையிலும் இந்தியா இரண்டாம் இடம். இங்கே யாருக்காவது தெரியுமா? தெற்காசியக் கோப்பையில் 2010-லிருந்து 2019 வரை நடந்த ஐந்தையும் வரிசையாக வாங்கினோம். 2022-ல் ஆசியக் கோப்பையே நம்ம நாட்டில் நடந்தது. ஈரானோடு 0-0 டிரா, அடுத்த ஆட்டத்துக்கு முன்னால் அணிக்குள் கொரோனா, ஆட ஆளில்லை, போட்டியிலிருந்தே வெளியே. அத்தோடு முடிந்தது என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள்.

இந்த ஜூலை 5 அன்று சியாங் மாய் நகரில், தாய்லாந்தை அவர்கள் மண்ணில் 2-1. இரண்டு கோலும் சங்கீதா பாஸ்ஃபோர். தகுதிச்சுற்றில் ஆடி ஜெயித்து இந்தியப் பெண்கள் ஆசியக் கோப்பைக்குப் போவது இதுதான் முதல் முறை. அடுத்த மார்ச்சில் ஆஸ்திரேலியா. யாரும் விலகி வழிவிடவில்லை, லெஃப்ட் பேக் அண்ணா, ஒருத்தருமே விலகவில்லை.

அப்புறம் நம்ம பக்கத்துப் பெயர்கள். இந்துமதி கதிரேசன் கடலூர்க்காரர், தமிழ்நாடு போலீஸில் எஸ்.ஐ., இந்தியாவுக்கு ஆடியவர். சந்தியா ரங்கநாதனும் கடலூர். 2018-ல் தமிழ்நாடு தேசியப் பெண்கள் கோப்பையை வாங்கியபோது இறுதியில் வீழ்த்தியது மணிப்பூரை, 2-1. அந்தக் கோப்பையில் மணிப்பூரைத் தோற்கடிப்பது எவ்வளவு பெரிய விஷயம் என்று இங்கே ஆடும் எந்தப் பெண்ணைக் கேட்டாலும் சொல்வாள்.

எங்கள் ஊர் மைதானத்தில் காலை ஐந்தரைக்கு வந்து பாருங்கள். ஒரு பெண்ணை அப்பா டிவிஎஸ் எக்ஸெல்லில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போவார். ஷூ இரண்டு சைஸ் பெருசு, முன்னால் பஞ்சு அடைத்திருப்பாள். சுண்ணாம்புக் கோடு பனியில் கரைந்து போயிருக்கும், கோச் காலால் தேய்த்துக் காட்டுகிற இடம்தான் டச் லைன். எம்பாப்பே சட்டை ஒன்றும் இல்லை, பாதிப் பேர் அண்ணனின் பழைய பனியனில் நிற்பார்கள்.

லாஸ்பேட்டை லெஃப்ட் பேக் | 8:31

இதற்கு எதிராக என்னிடம் ஒன்றும் இல்லை தங்கச்சி. ஆனால் தெற்காசியாவில் இப்போது இரண்டு முறையாக வங்கதேசம்தானே சாம்பியன்? 2022, 2024.

மஞ்சக்குப்பம் விங்கர் | 8:36

ஆமாம். இரண்டு முறையும் நேபாளத்திடம் அரையிறுதியில் தோற்றோம். மறைக்க என்ன இருக்கிறது? அவர்கள் வளர்ந்திருக்கிறார்கள். அதனால்தான் தாய்லாந்து வெற்றிக்கு எடை கூடுகிறது.

நெறியாளர் | 8:50

விவாதம் நன்றாகப் போகிறது. கத்தார் கோல் பற்றி மட்டும் பன்னிரண்டு பதிவுகளை நீக்கியிருக்கிறேன். நடுவரின் குடும்பத்தை விட்டுவிடுங்கள்.

உப்பளம் கீப்பர் | 9:25

பையன்களிடம் லாகுவிலா ஆட்டத்தைச் சொன்னேன். "தோத்த மேட்ச்சையா சொல்றீங்க" என்றான் ஒருத்தன். தங்கராஜ் கதையில் மட்டும் வாயைப் பிளந்து நின்றான். மார்ச்சில் பெண்கள் ஆட்டத்தைச் சேர்ந்து பார்க்க ப்ரொஜக்டர் ஏற்பாடு செய்யலாமா? கடலூரிலிருந்து வருகிறவர்கள் இருந்தால் ஞாயிற்றுக்கிழமை ஆட்டமாக இருந்தால் நல்லது.

மஞ்சக்குப்பம் விங்கர் | 9:30

நீங்கள் கடலூருக்கு வாங்க அண்ணா. பசங்களையும் கூட்டிக்கொண்டு வாங்க. பார்த்துவிட்டு அப்படியே எங்கள் பெண்களோடு ஓர் ஆட்டம்.

உப்பளம் கீப்பர் | 9:33

90 நிமிடமா, 70-ஆ?

லாஸ்பேட்டை லெஃப்ட் பேக் | 9:41

எல்லாம் சரி, 1964 ஆசியக் கோப்பையை யாரும் தொடவே இல்லையே? இரண்டாம் இடம் என்று பெருமை பேசுவீர்களே. மொத்தமே நான்கு அணிகள், தகுதிச்சுற்றில் எதிராளிகள் விலகல். பழைய டிக்கெட் அண்ணன் எங்கே?

பழைய டிக்கெட் | 9:58

இங்கேதான் இருக்கிறேன். அந்த நான்கில் ஒன்று தென் கொரியா, நடப்புச் சாம்பியன். இந்தியா 2, கொரியா 0. ஹாங்காங்கை 3-1. தோற்றது போட்டியை நடத்திய இஸ்ரேலிடம் மட்டும், 2-0. ரஹீம் இறந்து ஒரு வருஷம் கழித்து. நாளைக்கு வாருங்கள், அதைத் தனியாகவே பேசுவோம்.